மாமனாரின் பல்லும் சகலையின் பெட்டியும்

என் மாமனார் சிரிக்கும்போது தெரிகிற பல் எல்லாம், மேல்வரிசையும் கீழ்வரிசையும், என் கைவேலை. நான் பல் செட் செய்கிறவன். மருத்துவர்கள் வாயை அச்சு எடுத்து அனுப்புவார்கள். மெழுகில் ஈறு கட்டி, பல்லைப் பதித்து, வேகவைத்து, இழைத்து, மெருகேற்றிக் கொடுப்பது என் தொழில். அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்த பல்லையெல்லாம் காட்டி அந்த மனிதர் என் சகலையைப் பார்த்துச் சிரிப்பார். விறகு வெட்டியது நான், குளிர் காய்வது அவன்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவன். என்னைவிடச் சின்னவன். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிற கம்பெனியில் வேலை. அவனுக்கு நான் மனசுக்குள் வைத்திருக்கிற பெயர் பேட்டரி. மாமனார் வீட்டுக்கு அவன் எதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் அதற்குள் ஒரு பேட்டரி இருக்கும்.

அவன் மேல் எனக்கு என்ன கோபம் என்று கேட்டால், வெளியே சொல்ல வெட்கமான கோபம்தான். நான் வீட்டுக்குள் நுழைந்தால் மாமனார் எழுந்து நின்று, "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க" என்பார். அவன் நுழைந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "வாடா, சாப்ட்டியா?" என்பார். எனக்குத் தட்டில் வைத்துத் தண்ணீர் வரும். அவன் ஃபிரிட்ஜைத் திறந்து பாட்டிலை வாயில் கவிழ்த்துக்கொள்வான். கல்யாணமான புதிதில் அந்த ‘ங்க’வைக் கேட்டு எனக்குத் தலை கொஞ்சம் கனத்திருந்தது உண்மைதான். பெரிய மாப்பிள்ளை என்றால் சும்மாவா என்று நினைத்தேன். போகப்போகத்தான் புரிந்தது, அந்த ‘ங்க’ ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தவன் கால் நீட்ட முடியாது.

எங்கள் கல்யாணம் பெரியவர்கள் பேசி முடித்தது. அவனுடையது காதல். மாமனார் ஒத்துக்கொள்ளவில்லை. "டேய், என் வாசல்ல நிக்காதடா, காலை ஒடச்சிருவேன்" என்று தெருவே கேட்கக் கத்தியிருக்கிறார். பிறகு சமாதானமாயிற்று. கோபம் போய்விட்டது, ‘டா’ மட்டும் அங்கேயே குடியிருந்துவிட்டது. திட்டு வாங்கினவன் பிள்ளையானான். மரியாதை வாங்கின நான் விருந்தாளியாகவே இருக்கிறேன்.

என்னை ‘டா’ போட்டுக் கூப்பிட இப்போது யாரும் இல்லை. அப்பா போய்விட்டார், அம்மாவும் போய்விட்டாள். பட்டறையில் எல்லோருக்கும் நான் சார். மனைவிக்கு ‘என்னங்க’. மாமனார் வாயிலிருந்து ஒரே ஒரு ‘டா’ விழுந்தால் போதும் என்று ஆசைப்பட்டேன். இந்த வயதில் இப்படி ஓர் ஆசையா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

பேட்டரியின் சாமான்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தானாக ஓடிப் பெருக்குகிற வட்டப்பெட்டி ஒன்று கொண்டுவந்தான். அது முதல் நாளே மாமியாரின் ஒற்றைச் செருப்பைத் தள்ளிக்கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் சிக்கிக்கொண்டு, என்னைக் காப்பாற்று என்பது போலக் கத்தியது. "அது பெருக்குறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவ பெருக்கிக் குடுக்கணும் போலிருக்கே" என்றார் மாமியார். அப்புறம் ஒரு எடை மெஷின். ஏறி நின்றால் எடையைச் சொல்வதோடு நிற்காமல் புத்தியும் சொல்லும். மாமியார் அதன்மேல் பூந்தொட்டியை வைத்துவிட்டார். இவ்வளவுக்கும் மாமனார், "பய எப்படித் தேடிப் புடிச்சு வாங்கிட்டு வரான் பாத்தீங்களா மாப்பிள்ளை?" என்று என்னிடமே கேட்பார். எனக்குக் காதில் புகை வரும். "ஆமாங்க மாமா" என்பேன்.

மாமனார் ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்லும் வேலையில் இருந்தவர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று ஊருக்கே சொன்ன குரல். கடைசியில் பதிவு செய்த குரலோடு ஒரு மெஷின் வந்துதான் அவரை வீட்டுக்கு அனுப்பியது. ஆனாலும் மெஷின் என்றால் அவருக்கு உயிர். தன்னைத் தோற்கடித்தவன் மேல் அவருக்குத் தனிப் பிரியம் போலிருக்கிறது. அந்தக் கணக்கில்தான் சகலையும் சேர்ந்துகொண்டான்.

போன மாதம் அவருடைய பழைய சிநேகிதர்கள் எல்லோரும் கடற்கரை ஊர் ஒன்றில் கூடுவதாக ஏற்பாடு. ஒரு விடுதியை எடுத்திருந்தார்கள். மாலைக் கூட்டத்தில் மாமனார் மேடையேறி, பழையபடி ஓர் அறிவிப்பு சொல்ல வேண்டும். அதற்காக அவர் வீட்டிலே ஒத்திகை பார்ப்பதாக மாமியார் போனில் சொல்லிச் சிரித்தார். எங்கள் இரண்டு குடும்பமும் கூடப் போவதாக முடிவாயிற்று.

அப்போதே நான் தீர்மானித்துவிட்டேன். மாமனாருக்குப் புதுப் பல் செட் ஒன்று செய்வது. அவருடைய அச்சு என் அலமாரியில் பத்திரமாக இருந்தது. பழைய செட்டில் ‘ஸ’ சொல்லும்போது கொஞ்சம் காற்று வெளியேறும். அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். முன்பல்லின் உட்புறத்தை இழைத்து இழைத்து அந்தக் காற்றை அடைத்தேன். பட்டறை வேலையெல்லாம் முடிந்த பிறகு உட்கார்ந்து, யாருக்கும் சொல்லாமல், மனைவிக்குக்கூடச் சொல்லாமல் செய்தேன். கூட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் கையில் கொடுத்து, அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் திட்டம்.

பயணம் முழுக்கப் பேட்டரியின் ராஜ்ஜியம். மாமனார் கழுத்தில் ஒரு தலையணை. அது பூனை மாதிரி உறுமிக்கொண்டே பிடித்துவிட்டது. "சொர்க்கம்டா" என்றார். பேச்சுக்குப் பேச்சு ‘டா’. மாமியாருக்கு மடிக்கிற கெட்டில் ஒன்று. வெந்நீர் கொதித்த பிறகு ஆறினால்தான் மடியும், ஆறுவதற்குள் அடுத்த காப்பிக்கு நேரம் வந்துவிடும். அதனால் அது மடிந்ததே இல்லை. நான் இதைச் சொல்லிக்காட்டி ஒரு நல்ல சிரிப்பு வாங்கினேன். அந்தச் சிரிப்பு நிலையத்தில் இறங்கும்வரைதான் தாங்கியது.

இறங்கிப் பார்த்தால் மாமியாரின் பையைக் காணோம். யாரோ தம்முடையது என்று எடுத்துப் போய்விட்டார்கள். மாமியார் கண் கலங்கிவிட்டார். பேட்டரி பதறவே இல்லை. போனை எடுத்தான், பார்த்தான். எல்லாப் பைக்குள்ளும் ஒரு வில்லையைப் போட்டு வைத்திருக்கிறானாம், பை எங்கே போனாலும் அது காட்டிக்கொடுக்குமாம். நடைமேடையின் அந்தக் கோடிக்கு ஓடினான், பையோடு வந்தான். பொய் சொல்லக் கூடாது, அந்த வில்லை வேலை செய்தது. அது வேலை செய்ததுதான் எனக்குக் கொதிப்பு. அவன் கொண்டுவருகிற குப்பையெல்லாம் குப்பையாகவே இருந்துவிட்டால் நான் எவ்வளவு நிம்மதியாக இருப்பேன்!

"என் சிங்கக்குட்டிடா நீ" என்று மாமனார் அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தார். என் முதுகில் அப்படி ஒரு நாளும் விழுந்ததில்லை. நான் எல்லாப் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். "ஐயோ, நீங்க எதுக்கு தூக்குறீங்க மாப்பிள்ளை, வச்சிருங்க" என்றார்.

விடுதி அறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது பேட்டரி ஒரு பொட்டலத்தை மாமனார் மடியில் வைத்தான். பிரித்தார். உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளைப் பெட்டி, மேலே நீல விளக்கு.

"என்னடா இது?"

"பல் செட் கழுவுற மெஷின் மாமா. ஊருக்குப் போறப்ப எடுத்துட்டுப் போறதுக்குன்னே சின்னதா பண்ணிருக்காங்க. தண்ணி ஊத்தி செட்டை உள்ள போட்டா அதுவே அதிர்ந்து அதிர்ந்து கழுவிரும். அப்புறம் காத்து அடிச்சுக் காய வச்சிரும். நீங்க சாயங்காலம் மேடையில நிக்குறப்ப பல்லு சும்மா மின்னணும்!"

மாமனார் அவன் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். எனக்கு உள்ளே என்னவோ அறுந்தது. செருப்பு, எடை, கழுத்து எல்லாம் போகட்டும். பல்! அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே இடம் அந்த வாய். அதிலும் வந்து இவன் துண்டைப் போட்டுவிட்டான். இப்போதே கொடுத்துவிடலாமா என்று பையிலிருந்து பாதி வெளியே எடுத்திருந்த புதுப் பல் டப்பாவைத் திரும்ப உள்ளே தள்ளினேன்.

காப்பி முடிந்து நான் வராந்தாவில் நின்றேன். பேட்டரி அந்தப் பெட்டியோடு பின்னாலேயே வந்தான்.

"அண்ணே, இது உங்க ஏரியா. ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க. மாமா செட்டுக்கு இதனால ஒண்ணும் ஆகிடாதே?"

வாங்கித் திறந்து பார்த்தேன். கழுவுகிற பாகம் ஒழுங்காகத்தான் இருந்தது. காய வைக்கிற பொத்தானை அழுத்தி உள்ளே விரலை விட்டேன். சுரீர் என்றது. விரலை எடுத்துக்கொண்டேன். பல் செட் ஈரத்திலேயே இருக்க வேண்டிய பொருள். இந்தச் சூட்டில் வளைந்துவிடும். கொஞ்சம் வளைந்தாலும் ஈறில் உட்காராது. "இந்தப் பொத்தானைத் தொடாதே" என்று சொன்னால் போதும், முடிந்தது.

அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதே நேரம் இன்னொரு யோசனையும் வந்தது. வளையட்டுமே. புதுசு என் பையில் இருக்கிறது. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது நான் எடுத்துக் கொடுப்பேன். அவனுடைய சாமான் கெடுக்க, என்னுடைய கை காப்பாற்றும். அப்போதாவது அந்த ‘டா’ என் பக்கம் திரும்பாதா? பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

"ஒண்ணும் ஆகாது. தாராளமா போடலாம்" என்றேன்.

"நீங்க சொன்னா சரிண்ணே" என்று பெட்டியை வாங்கிக்கொண்டு போனான்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மாமனார் செட்டைக் கழற்றிப் பெட்டியில் போட்டார். நீல விளக்கு எரிந்தது, அதிர்ந்தது, பிறகு காற்று ஊதியது. ஒரு தடவை போட்டால் போதும் என்று பேட்டரி சொன்னதற்கு, "ரெண்டு தடவ போட்டா ரெண்டு மடங்கு மின்னும்டா" என்று பொக்கை வாயால் குழறி, மறுபடியும் அழுத்திவிட்டுப் படுத்தார். நான் எதிர்க் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குத் தூக்கம் வரவில்லை. பயமாகவும் இருந்தது, குஷியாகவும் இருந்தது.

மாமனார் எழுந்து சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு, கடைசியில் பல்லை எடுத்து மாட்டினார். மேல் செட் நாக்கின்மேல் விழுந்தது. அழுத்தினார், மறுபடியும் விழுந்தது. கீழ்ச் செட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆடியது. பேச முயன்றார், காற்றுதான் வந்தது. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சொல்லையே தொழிலாக வைத்திருந்த மனிதர். முகம் ஒரே நிமிஷத்தில் கிழமாகிவிட்டது. பக்கத்துக் கூடத்தில் சிநேகிதர்கள் நாற்காலி இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

"மாமா, நான் வேணா..." என்று பேட்டரி கிட்டே வந்தான்.

மாமனார் பெட்டியைக் கையில் எடுத்தார். அதில் இன்னும் லேசாகச் சூடு இருந்தது. அவனைப் பார்த்தார். பல் இல்லாத வாயால், மெதுவாகக் கேட்டார்.

"யாரக் கேட்டு இத வாங்கிட்டு வந்தீங்க?"

‘வந்தீங்க.’ மற்ற எழுத்தெல்லாம் குழைந்தன. அந்த ‘ங்க’ மட்டும் தெளிவாக வந்தது. ‘ங்க’ சொல்லப் பல் வேண்டியதில்லை. அது தொண்டைப் பக்கத்திலிருந்தே வருகிற சத்தம். என் தொழிலில் இது எனக்குத் தெரியும்.

பேட்டரிக்கு முதலில் புரியவில்லை. யாரையோ கேட்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தான். பின்னால் நான்தான் நின்றேன். தன்னைத்தான் கேட்கிறார் என்று புரிந்தபோது அவன் முகம் வெளுத்தது. என்னைப் பார்த்தான். ‘அண்ணனக் கேட்டேன் மாமா, ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னார்.’ இவ்வளவுதான் அவன் சொல்ல வேண்டும்.

"யாரையும் கேக்கல மாமா. என் தப்புதான்" என்றான்.

நான் நன்றியோடு நினைத்திருக்க வேண்டும். இல்லை. இவனுக்கு மட்டும் இந்தப் பெரிய மனசு எங்கிருந்து வருகிறது என்று அதிலும் பொறாமைதான் பட்டேன். பிள்ளையாக இருந்து பழகினவனுக்கு அடி வாங்குவது சுலபமாக இருக்கிறது.

பையைத் திறந்து டப்பாவை எடுத்தேன். திட்டம் போட்டபடி எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டுதான் நின்றார்கள். என் மனைவி டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இத எப்பங்க செஞ்சீங்க?"

"போன மாசம்."

"அப்பவே குடுத்திருக்கலாமே. இல்ல, காலையில வந்ததும் குடுத்திருக்கலாமே."

"சமயம் பாத்திட்டிருந்தேன்" என்றேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மாமனாரை ஜன்னலோரம் உட்கார வைத்து, முகவாயைக் கையில் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் அவரை இவ்வளவு கிட்டே தொட்டதில்லை. மாட்டினேன், எடுத்தேன், அழுத்துகிற இடத்தை டப்பாவோடு எடுத்து வந்த அரத்தால் தேய்த்தேன், மறுபடியும் மாட்டினேன். வாயை மூடித் திறந்தார். தொண்டையைச் செருமினார். "பயணிகளின் அன்பான கவனத்திற்கு" என்றார். குரல் கணீரென்று அறை முழுக்க நின்றது. அடுத்து ஒரு ரயிலின் பெயரைச் சொன்னார். ‘ஸ’வில் காற்றே இல்லை.

அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் காத்திருந்தேன். இதோ அந்த ‘டா’ வரப்போகிறது.

"மாப்பிள்ளை, நீங்க பண்ணின உதவிய நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேங்க" என்றார்.

மறக்க மாட்டேங்க. ‘மாட்டேன்’கூட இல்லை. நான் செய்து கொடுத்த புதுப் பல்லிலிருந்து எனக்குப் புதிதாக இன்னொரு ‘ங்க’ கிடைத்தது. என் நாற்காலியை இன்னும் கொஞ்சம் உயரத்தில் தூக்கி வைத்துவிட்டார்.

கூட்டம் பிரமாதமாக நடந்தது. அவர் அறிவிப்புச் சொல்லி முடித்ததும் கிழவர்களெல்லாம் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒருவர் அழுதே விட்டார். மாமனார் என்னைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தி, "இவர் என் பெரிய மாப்பிள்ளை. இவர் இல்லேன்னா இன்னிக்கு என் மானம் கப்பலேறியிருக்கும்" என்றார். யாரோ ஓரமாக நின்ற பேட்டரியைக் காட்டிக் கேட்டார்கள்.

"அவர் சின்ன மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

அவன் இல்லை, அவர். பேட்டரி வணக்கம் சொல்லிவிட்டு, குடிக்கத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பரிமாறுகிறவரிடம் கேட்டான். டம்ளரில் கொடுத்தார்கள். நின்ற இடத்திலேயே, சிந்தாமல், மரியாதையாகக் குடித்தான். நான் வருஷக்கணக்காக எப்படிக் குடிக்கிறேனோ அப்படியே இருந்தது.

மறுநாள் நாங்கள் கிளம்பினோம். மாமனாரும் மாமியாரும் இன்னும் கொஞ்ச நாள் சிநேகிதர்களோடு இருப்பதாகச் சொல்லி, எங்களை வண்டியேற்ற மட்டும் நிலையத்துக்கு வந்தார்கள். பேட்டரி கழுத்துத் தலையணையை மாமனாரிடம் நீட்டினான். "இல்ல, நீங்களே வச்சுக்குங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, அவனுக்கு அது பழக்கம். வண்டி நகர்ந்தபோது ஜன்னலில் எங்கள் நாலு பேரையும் பார்த்துக் கையை ஆட்டினார்.

"போயிட்டு வாங்க" என்றார்.

பெண்கள் இரண்டு பேரும் பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார்கள். பேட்டரி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். மடியில் அந்தத் தலையணை, அணைத்து வைத்தபடி. நிலையம் மறைந்து வெகு நேரம் கழித்து, என் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டான்.

"அண்ணே, மாமா போயிட்டு வாங்கன்னு சொன்னாரே... அது நம்ம நாலு பேரையும் சேர்த்துச் சொன்னதுதானே?"

அந்த ‘வாங்க’வில் இரண்டு உண்டு. ஒன்று கும்பலைச் சொல்வது, ஒன்று தள்ளி நிறுத்திச் சொல்வது. எது எது என்று காதால் பிரித்துச் சொல்ல என்னைவிடத் தேர்ந்தவன் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

"ஆமாம்ப்பா. எல்லாரையும் சேர்த்துத்தான்" என்றேன்.

விடுதியில் அந்தப் பெட்டியைப் பற்றி நான் சொன்னதை அவன் உடனே நம்பினான். இதை நம்பவில்லை.